பாலாறு பிறக்கும் மலைகளில் பறவை நோக்குதல்

(கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைப் பொது அவைக்கென ஆற்றப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பொருளும் எல்லையும்

மலைக்காடு என்றதும் தமிழ் வாசகரின் உள்ளத்தில் எழுவது நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற, மேகம் படிந்த, ஓடை வற்றாத பசுங்காடுகளின் தோற்றமே ஆகும். பறவைகளைக் காண்பதற்கென்று பயணம் புறப்படுவோரும் பெரும்பாலும் அத்திசையையே நாடுகின்றனர். கோலார் தங்கவயலைச் சூழ்ந்துள்ள மலைகளோ ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து, பாறையும் முள்ளும் மேலோங்கி நிற்பவை. அரசு வரைபடங்களில் அவற்றையொத்த புதர்நிலங்கள் 'தரிசு' என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறுபவை. அத்தகைய வறண்ட மலைகளிலும் உற்று நோக்குவதற்குரிய உயிர்வளம் நிறைந்திருக்கிறது என்பதையும், அவ்வளத்தின் மதிப்பு வெளியே தெரியவேண்டுமாயின் அருகில் வாழ்வோர் ஆண்டுதோறும் விடாமல் எழுதிவைக்கும் குறிப்புகள் இன்றியமையாதவை என்பதையும் நிறுவுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

பறவை நோக்குதல் என்பது காட்டுப் பறவைகளை அவை வாழும் இடத்திலேயே, பிடிக்காமலும் கலைக்காமலும், கண்ணாலும் காதாலும் இனம் கண்டு, இடம், நாள், பொழுது, எண்ணிக்கை ஆகியவற்றோடு பதிவுசெய்யும் பயிற்சியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பறவையின் இனத்தை ஐயமற உறுதிசெய்ய அதைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதப்படுத்தி வைப்பதே வழக்கமாக இருந்தது. தரமான இருகண் நோக்கியும், படங்களோடு கூடிய கையேடுகளும், ஒலிப்பதிவுக் கருவிகளும் பரவிய பின்னரே உயிருள்ள பறவையைத் தொலைவில் இருந்தவாறே அறியும் முறை நிலைபெற்றது. காட்டு விலங்குகளைக் காண்பதற்கும் இவ்விலக்கணமே பொருந்தும். ஆயினும் விலங்குகளுள் பல இரவில் நடமாடுபவை ஆதலால், அவற்றின் அடிச்சுவடு, எச்சம், நகக்கீறல் போன்ற தடயங்களைப் படித்தறிவது நேரில் காண்பதற்கு ஒப்பான திறமையாகக் கருதப்படுகிறது.

நிலமும் நீரும்

இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் நிலப்பகுதியை ஒன்றாக இணைப்பது பாலாறு. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் அவ்வாறு, கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பி, பேத்தமங்கலம் வழியாக ஆந்திரத்தின் குப்பம் பகுதியைக் கடந்து, வாணியம்பாடியை நோக்கித் தமிழ்நாட்டில் நுழைகிறது. அதன் மொத்த நீளமான 348 கிலோமீட்டரில் 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. சுரங்க வேலைக்கென வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தங்கவயலில் நிலைகொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல, இவ்வாற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்குக் குடிபெயர்ந்தவையே. சுரங்க நகருக்குக் குடிநீர் அளித்த பேத்தமங்கலம் ஏரியும் இதே ஆற்றின்மேல் அமைந்ததே.

பாறையின் அமைப்பை நோக்கினால், தங்கம் கிடைத்த கோலார் படிகப்பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, சில கிலோமீட்டர் அகலமே உடையதாய் இருக்க, அதன் இருபுறமும் கருங்கல் வகைப் பாறைகள் பரந்து கிடக்கின்றன. வெயிலும் மழையும் பல கோடி ஆண்டுகள் தாக்கியதால் அப்பாறைகள் உருண்டைக் கற்களாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவைபோல் குன்றுகளாக நிற்கின்றன. மேற்பார்வைக்கு மொட்டையாகத் தோன்றும் இக்குன்றுகளில், கற்களுக்கு இடையேயுள்ள பிளவுகள் மழைநீரையும் மண்ணையும் பிடித்துவைக்கின்றன; அங்கே அத்தியும் இச்சியும் வேரூன்றுகின்றன; அந்நிழலில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த, ஈரம் மிகுந்த சிறு வாழிடங்கள் உருவாகின்றன. கோடையில் சமவெளி முழுதும் காய்ந்திருக்கும்போது பறவைகள் பாறை இடுக்குகளை நாடுவதற்குக் காரணம் இதுவே.

இப்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 700 முதல் 750 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்துசேர்கிறது. ஆகையால் இங்கு வளர்வது இலையுதிர் வறண்ட காடும் முட்புதர்க் காடும் ஆகும். உசில், வேலம், இலந்தை, காரை, களா, விராலி, கொன்றை, சந்தனம் முதலியன இக்காட்டின் இயல்பான மரஞ்செடிகள். சுரங்கங்கள் தழைத்த காலத்தில் நிலத்தடிப் பாதைகளைத் தாங்கும் கட்டைகளுக்கும் எரிபொருளுக்கும் மரம் பெருமளவில் வேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த பின்னரே நீராவி எந்திரங்களின் தேவை படிப்படியாகக் குறைந்தது. பின்னாளில், 1980களின் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ், கோலார் மாவட்டத்தின் வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் நீலகிரி மரம் எனப்படும் தைலமரம் பரவலாக நடப்பட்டது. அது நிலத்தடி நீரைக் குறைக்கிறது என்னும் எதிர்ப்பு நெடுங்காலம் நிலவியதன் விளைவாக, 2017இல் கர்நாடக அரசு அதனைப் புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது. இவ்வளவு மாற்றங்களுக்கும் பின்னர் எஞ்சியிருப்பதையே இன்றைய நோக்கர் காண்கிறார்.

பாறைக்குன்றுகளின் பறவைகள்

இம்மலைகளின் தனித்தன்மையை விளக்க மஞ்சள்தொண்டைச் சின்னானைக் காட்டிலும் பொருத்தமான பறவை இல்லை. ஊர்ப்புறத்தில் கொண்டைக்குருவி என வழங்கும், வாலடி சிவந்த சின்னானை அறியாதார் எவரும் இலர். அதன் நெருங்கிய உறவினமாகிய மஞ்சள்தொண்டைச் சின்னான் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமும், சாம்பல் நிற உடலும், மஞ்சள் தொண்டையும், பசுமஞ்சள் சாயல் படிந்த தலையும், மஞ்சள் வாலடியும் உடையது. தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. இவ்வாறு ஒரு நிலப்பகுதிக்குள் மட்டும் வாழும் இனத்தை அகணிய இனம் என்று உயிரியலார் அழைப்பர். அந்த நிலப்பகுதிக்குள்ளும் அது விரும்புவது கற்குவியலும் முட்புதரும் சேர்ந்த மலைச்சரிவுகளையே. நந்தி மலை, ஆந்திரத்தின் ஹார்ஸ்லி மலை, தமிழ்நாட்டின் செஞ்சிக் குன்றுகள் என அது காணப்படும் இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன.

இச்சிதறலே அதன் ஆபத்துக்கும் காரணமாகிறது. பெருங்காட்டின் ஒரு மூலை அழிந்தால் அங்குள்ள பறவைகள் அடுத்த மூலைக்குச் செல்லக்கூடும். தனித்து நிற்கும் குன்றொன்று கல்லுடைப்புக்கு உள்ளானால், இடையிலுள்ள வயல்வெளியைக் கடந்து மற்றொரு குன்றை அடைந்து குடியேறுவது இத்தகைய பறவைக்கு எளிதன்று. கருங்கல் குவாரி, கோடையில் மூட்டப்படும் தீ, மட்டற்ற மேய்ச்சல் ஆகியவற்றால் அதன் வாழிடம் சுருங்கி வருவதனால், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அதனை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது. வரைபடத்தில் தரிசு என்று குறிக்கப்படும் பாறைச்சரிவு, இப்பறவையைப் பொறுத்தமட்டில் மாற்று இல்லாத உறைவிடமாகும்.

நந்தி மலை இன்னொரு வியப்பையும் தன்னகத்தே கொண்டுள்ளது. 1,478 மீட்டர் உயரமுடைய அம்மலையின் உச்சியில் பனிமூட்டம் தங்குவதால், சரிவுகளில் இல்லாத பசுமை சிறு பரப்பில் நிலைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியதாகிய நீலகிரிக் காட்டுப்புறா, அத்தொடரிலிருந்து வெகு தொலைவிலுள்ள இவ்வுச்சியிலும் ஒரு தனித்தொகுதியாக வாழ்கிறது. பிடரியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட இறகுகளைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம். 2007ஆம் ஆண்டு சிக்கபள்ளாப்பூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை நந்தி மலை கோலார் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பாறை முகடுகள் வேட்டையாடும் பறவைகளுக்கும் உரியவை. கொம்பன் ஆந்தை பாறை விளிம்புகளில் முட்டையிடுகிறது. தன் இரையின் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குகிறது. அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்ப்போர் எலிகளின் எலும்புகளை மிகுதியாகக் காண்பதால், இப்பறவை உழவருக்குச் செய்யும் நன்மை ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது. ராமநகரத்தின் கருங்கல் குன்றாகிய ராமதேவர பெட்டாவில் கழுகினத்தைச் சேர்ந்த பாறுகள் கூடு கட்டுவதை முன்னிட்டு, 2012இல் அக்குன்று பாறுகளுக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு மொட்டைப் பாறையின் மதிப்பை அரசே ஏற்றுக்கொண்ட அந்த முன்மாதிரி, கோலார்ப் பகுதிக் குன்றுகளைப் பற்றிப் பேசுவோர் மறக்கக்கூடாதது.

குளிர்காலத்தில் இக்காடுகளின் தன்மை மாறுகிறது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே தங்குகின்றன. வலசை என்பது பருவத்திற்கேற்ப உணவும் தட்பவெப்பமும் நாடிப் பறவைகள் மேற்கொள்ளும் திட்டமான இடப்பெயர்ச்சி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி எனப் பெயர்பெற்ற பறவை, இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. கட்டைவிரல் அளவேயுள்ள பச்சைக் கதிர்க்குருவி அதனினும் நெடுந்தொலைவிலிருந்து வந்து, குறிப்பிட்ட சில மரங்களைத் தன் எல்லையாகக் கொண்டு, தன்னினத்தைச் சேர்ந்த பிறவற்றை அங்கிருந்து விரட்டியவாறே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வீட்டுப் புளியமரத்தில் இடைவிடாது கேட்கும் கீச்சொலி அதனுடையதாக இருக்கக்கூடும் என்பதை அறிந்தவர் அம்மரத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது.

கவுண்டின்யா சரணாலயமும் யானைகளும்

தங்கவயலுக்குக் கிழக்கே ஆந்திர எல்லையைக் கடந்தால், சித்தூர் மாவட்டத்தின் குப்பம், பலமநேர் வட்டாரங்களில் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் விரிந்துள்ளது. ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இக்காட்டில் பாலாற்றின் துணையாறுகளாகிய கைகல், கவுண்டின்யா ஆகியவை பள்ளத்தாக்குகளை அறுத்துச் செல்கின்றன. புள்ளிமான், கடமான், கரடி, சிறுத்தை, தேவாங்கு, முள்ளம்பன்றி, நட்சத்திர ஆமை ஆகியவை இங்கு வாழ்கின்றன. மஞ்சள்தொண்டைச் சின்னானும் இதன் பாறைச்சரிவுகளில் உண்டு. ஆயினும் இச்சரணாலயம் தோன்றக் காரணமாக அமைந்தவை யானைகளே.

ஆந்திரத்தின் இப்பகுதியில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக யானை இல்லாதிருந்தது. 1980களில் ஓசூரைச் சார்ந்த காடுகளிலிருந்து கூட்டமாகப் புறப்பட்ட யானைகள், வறட்சியும் வாழிடச் சீர்குலைவும் உந்தியதால், கிருஷ்ணகிரிப் பகுதிக் குன்றுகளைத் தொடர்ந்து சென்று சித்தூர்க் காடுகளை அடைந்து அங்கேயே தங்கிவிட்டன. அவற்றைக் காக்கும் பொருட்டு 1990ஆம் ஆண்டு கவுண்டின்யா சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெண் யானைகளின் தலைமையில் இயங்கும் கூட்டம், நீரும் தீவனமும் உள்ள வழிகளை நினைவில் வைத்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது என்பது யானை ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. அந்நினைவாற்றலே, ஒருமுறை கண்டுகொண்ட இவ்வழியை நிலைத்த வழியாக ஆக்கியது.

இவ்வழி மூன்று மாநிலங்களின் எல்லைகளை ஊடறுத்துச் செல்வது. பங்காரப்பேட்டை வட்டத்தின் காமசமுத்திரம் வனப்பகுதியும் இந்நடமாட்டத்தில் அடங்கியதே. காட்டின் விளிம்பு வரையில் நெல்லும் கரும்பும் வாழையும் பயிராவதால், இரவில் வயலுக்குள் புகும் யானைகளால் உழவர் பயிரையும் சில வேளைகளில் உயிரையும் இழக்கின்றனர். சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகளால் யானைகளும் மடிகின்றன. அகழியும் சூரியமின் வேலியும், காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய கும்கி யானைகளும் ஓரளவே உதவியுள்ளன. யானையைக் காணும் ஆவலோடு வெளியூரிலிருந்து வருவோர், அதே யானையின் வருகைக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பங்களின் ஊரைக் கடந்தே காட்டுக்குள் செல்கின்றனர் என்பதை உணர்ந்திருத்தல் வேண்டும். அக்குடும்பங்களுக்கு இழப்பீடு காலத்தில் கிடைப்பதும், யானைக் கூட்டத்தின் இருப்பிடம் முன்கூட்டியே ஊருக்குத் தெரிவிக்கப்படுவதும் யானைப் பாதுகாப்பின் பிரிக்க இயலாத பகுதிகளாகும்.

யானையை நேரில் காணாமலேயே அதைப்பற்றிப் பலவற்றை அறியலாம். ஈரமண்ணில் பதிந்த முன்பாதத்தின் சுற்றளவை அளந்து இருமடங்காக்கினால் அந்த யானையின் தோளுயரம் ஏறத்தாழக் கிடைக்கும். சாணத்தின் ஈரமும் சூடும் அது கடந்து சென்ற நேரத்தைக் காட்டும். அதிலுள்ள நாரும் விதையும் அது மேய்ந்த இடத்தை உணர்த்தும். அதுபோலவே, கரையான் புற்றில் ஆழமாகத் தோண்டிய குழி கரடியின் வருகையைத் தெரிவிக்கும். கரடி இலந்தை, நாவல், கொன்றை முதலியவற்றின் கனிகளை உண்டு விதைகளைத் தொலைவில் இடுவதால், காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில் அதற்கும் பங்குண்டு.

தேவாங்கைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். இரவில் மட்டும் நடமாடும் இச்சிறு விலங்கு வறண்ட முட்காடுகளிலும் நன்கு வாழக்கூடியது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியுள்ள கடவூர்க் குன்றுகளின் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு நாட்டின் முதல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. கடவூரும் மழை குறைந்த, முட்புதர் மிகுந்த பகுதியே. அங்கு வாழும் உயிரைப் பற்றிய கணக்கு கையில் இருந்தமையால்தான் அந்நிலத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

பதிவுகளின் வரலாறு

தென்னிந்தியப் பறவைகளை முறையாக எழுதிவைத்தவர்களுள் முன்னோடி, சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் ஆவார். நெல்லூரிலும் பிற இடங்களிலும் பணிபுரிந்த காலத்தில் அவர் திரட்டிய குறிப்புகளின் பயனாக, 1845இல் மஞ்சள்தொண்டைச் சின்னான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. 1862 முதல் 1864 வரையில் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், அத்துறையின் அடித்தளமாக நெடுங்காலம் விளங்கியது. அதன்பின், ஆர்தர் வெர்னே என்பவரின் பொருளுதவியால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் 1929 முதல் பறவை ஆய்வு நடைபெற்று, அதன் முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வெளியாயின. 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் சாலிம் அலி மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை ஆராய்ந்தார். தமிழில் இயற்கையை நேர்த்தியாக எழுதிய மா. கிருஷ்ணனும், தமிழ்ப் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்த க. ரத்னமும், இன்றைய தலைமுறைக்கு வழிகாட்டும் சு. தியடோர் பாஸ்கரனும் இத்துறையைத் தமிழ் வாசகர்க்கு உரியதாக்கியவர்கள்.

இப்பதிவுகளின் பயனை ஜெர்டன் பெயரால் வழங்கும் கல்குருவியின் வரலாறு நன்கு எடுத்துக்காட்டுகிறது. முட்புதர் நிலத்தில் இரவில் நடமாடும் அப்பறவை 1900ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாமற்போகவே, அது மறைந்துவிட்டதாகப் பலர் கருதினர். பழைய குறிப்புகளில் குறிக்கப்பட்ட இடங்களைப் பின்பற்றி, ஊர் ஊராகச் சென்று பறவை பிடிப்போரிடம் படத்தைக் காட்டி விசாரித்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பரத் பூஷண், 1986இல் கடப்பாப் பகுதியில் அதனை மீண்டும் கண்டறிந்தார். உயிருள்ள பறவையைப் பிடித்துக் கொண்டுவந்து காட்டியவர் அவ்வூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவரே. பழைய பதிவும் உள்ளூரார் அறிவும் ஒன்றுசேர்ந்ததன் விளைவாக, அதுவரை எவரும் பொருட்படுத்தாத ஒரு முட்காடு ஸ்ரீலங்கமல்லேஸ்வரர் பெயரில் சரணாலயமாயிற்று.

நோக்கும் முறை

பறவை நோக்குதலுக்குத் தேவையான கருவிகள் சிலவே. இருகண் நோக்கியின்மேல் 8 பெருக்கல் 42 என்று பொறித்திருந்தால், முதல் எண் உருவம் எட்டு மடங்கு அருகில் தோன்றுவதையும், இரண்டாம் எண் முன்புறக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். பெருக்கம் மிகுந்தால் கைநடுக்கமும் மிகுந்து, பார்வைப் பரப்பும் குறையும். விட்டம் மிகுந்தால் ஒளி கூடும், எடையும் கூடும். ஆகவே தொடக்க நிலையினர்க்கு எட்டு மடங்குக் கருவியே ஏற்றது. அதனுடன் ஒரு கையேடும், ஒரு குறிப்பேடும், ஒரு பென்சிலும் இருந்தால் போதுமானது.

காட்டில் பறவையைக் கண்டவுடன் நூலைப் புரட்டுவதைத் தவிர்த்து, அது பறந்து மறையும்வரை அதையே நோக்குதல் வேண்டும். காகம், மைனா, சிட்டுக்குருவி போன்ற அறிந்த பறவையோடு ஒப்பிட்டு அதன் அளவு, அலகின் வடிவம், வாலின் நீளம், நடக்கிறதா தத்துகிறதா, நிலத்தில் மேய்கிறதா கிளை நுனியில் தேடுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே நிறத்துக்கு வருதல் நலம். ஏனெனில் காலை வெயிலிலும் நிழலிலும் ஒரே நிறம் வெவ்வேறாகத் தோன்றும். புதர் அடர்ந்த இடங்களில் பெரும்பாலான பறவைகளைக் காதாலேயே அறியவேண்டியிருப்பதால், ஊர்ப்பறவைகளின் குரல்களை முதலில் நன்கு பழகிக்கொண்டவர்க்கே காட்டில் கேட்கும் புதுக்குரல் புதிதென்று விளங்கும். விடிந்த பின் மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்திய இரண்டு மணி நேரமும் பறவைகள் மிகுதியாக இயங்கும் வேளைகளாகும்.

பதிவு அறிவியலுக்குப் பயன்படவேண்டுமாயின் அது முழுப் பட்டியலாக இருத்தல் அவசியம். முழுப் பட்டியல் என்பது குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்குள், கண்டும் கேட்டும் இனம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காகத்தையும் மைனாவையும் விடாமல், எண்ணிக்கையோடு எழுதுவது. அரியவற்றை மட்டும் எழுதும் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லாவிட்டால், அது அங்கே இல்லையா, எழுதுபவர் பொருட்படுத்தவில்லையா என்பது விளங்காது; முழுப் பட்டியலிலோ ஒரு பெயர் இல்லாமையே ஒரு செய்தியாகிறது. இத்தகைய பட்டியல்களைப் பெற்றுத் தொகுப்பதற்காக 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈபேர்ட் என்னும் இணையத் தொகுப்பு இன்று உலகெங்கும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொதுமக்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி அதில் பதிவிட்டு வருகின்றனர்.

பொதுமக்களின் பதிவு எவ்வளவு தூரம் பயன்படும் என்னும் ஐயத்துக்கு 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை விடை தருகிறது. 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் அளித்த பட்டியல்களின் அடிப்படையில் 942 இனங்களை மதிப்பிட்ட அவ்வறிக்கை, 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டுபவை எனக் கண்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய பதிவு கிடைத்தவை 338 இனங்களே. அவற்றுள் 60 விழுக்காடு குறைந்துவந்துள்ளன. எஞ்சிய நூற்றுக்கணக்கான இனங்களுக்கு அத்தகைய விடையைக் கூற இயலாமைக்குக் காரணம், போதிய ஆண்டுகளின் பதிவு இல்லாமையே.

கட்டுப்பாடும் கடமையும்

காட்டுயிர் காண்பதில் தலையாய நெறி, காணப்படும் உயிரின் நலனைக் காண்பவரின் விருப்பத்துக்கு மேலாக வைப்பது. கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதனை வெளியே வரவழைக்கும் பழக்கம் பரவிவருகிறது. அக்குரலைத் தன் எல்லைக்குள் புகுந்த எதிரியுடையதென்று கருதும் பறவை, இரைதேடலையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு ஓடிவந்து அலைக்கழிகிறது. கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கிப் படமெடுத்தால், வெயிலும் காகமும் குஞ்சுகளை எளிதில் அடைகின்றன. தேவாங்கின் கண்களில் வெள்ளொளியைப் பாய்ச்சுவதும் தவிர்க்கவேண்டியது. மங்கிய செவ்வொளியைச் சிறிது நேரமே பயன்படுத்தலாம். அரிய இனங்களின் கூடுள்ள இடத்தைப் பொதுவில் அறிவிப்பதும் தீங்கு விளைவிக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். யானை நடமாடும் காட்டில் வனக்காவலரின் துணையின்றிக் கால்நடையாகச் செல்வது உயிருக்கே ஆபத்தானது. தனித்துத் திரியும் ஆண் யானையும், குட்டியோடு கூடிய கூட்டமும், பாறை மறைவில் திடீரென எதிர்ப்படும் கரடியும் அணுகத்தக்கவை அல்ல. ஆகையால் ராபர்ட்சன்பேட்டையில் வாழ்வோர் தங்கள் பயிற்சியைத் தொடங்கவேண்டிய இடம் சரணாலயத்தின் உட்புறமன்று. ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலைகளும், புதர்வெளிகளும், குன்றுகளின் அடிவாரமுமே.

அத்தகைய இடங்களுக்குத் தங்கவயலில் குறைவில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின், அதற்குரிய பரந்த நிலங்களில் புல்லும் புதரும் மண்டியுள்ளன. திறந்த வெளிகளில் வெளிமான் உலவுகிறது. ஊருக்குள் எழுந்து நிற்கும் சயனைடு மேடுகள் எனப்படும் கழிவுமண் குன்றுகளைச் சுற்றி எந்தெந்தச் செடிகள் எத்தனை ஆண்டுகளில் வேரூன்றுகின்றன, எந்தப் பறவைகள் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன என்பதே தனி ஆய்வுக்குரிய பொருள். 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் கொண்டுவரப்படுகிறது. நெடுநாள் வறண்டிருந்த ஏரியில் நீர் நின்றால் நாமக்கோழியும் நீர்க்காகமும் நாரையும் திரும்புவது இயல்பு. ஆனால் வறண்ட ஏரிப்படுகையை நாடிய பறவைகள் எவை, அவை எங்கே சென்றன என்பதை, மாற்றத்துக்கு முந்திய பட்டியல்களைக் கொண்டே சொல்லமுடியும்.

இதற்கு வேண்டிய ஏற்பாடு எளியது. பேத்தமங்கலம் ஏரிக்கரை, சுரங்க நிலத்தை ஒட்டிய பொதுவழி, அருகிலுள்ள ஒரு கருங்கல் குன்றின் அடிவாரம், பள்ளி வளாகம் ஒன்று ஆகிய நான்கு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் குறித்த ஒரு ஞாயிறன்று விடிந்தபின் ஒரு மணி நேரம் முழுப் பட்டியல் எழுதுவதை ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வுபெற்ற தொழிலாளரும் சேர்ந்து மேற்கொள்ளலாம். நிலத்தடியில் ஒவ்வொரு அடியையும் அளந்து, ஒவ்வொரு ஷிப்டின் வேலையையும் ஏட்டில் எழுதிப் பழகிய ஊருக்கு இவ்வொழுங்கு புதியதன்று. பட்டியலில் தமிழ்ப் பெயரும் கன்னடப் பெயரும் தெலுங்குப் பெயரும் இடம்பெறுமாயின், பாலாற்றின் மூன்று மாநிலத்தாருக்கும் அது பொதுவுடைமையாகும். ஒரு குன்றைக் குவாரிக்கு அளிப்பதா, ஒரு புதர்வெளியைத் தொழிற்பேட்டையாக்குவதா என்னும் கேள்வி எழும்போது, அங்கே எதுவும் இல்லை என்று கூறுவோர்க்கு எதிரே, பத்தாண்டுக் காலம் மாதந்தோறும் எழுதப்பட்ட ஏடு ஒன்று மாவட்ட ஆட்சியரின் மேசைமேல் வைக்கப்படவேண்டும். அந்த ஏட்டின் முதற்பக்கத்தை இவ்வாண்டிலேயே எழுதத் தொடங்குவது ராபர்ட்சன்பேட்டை மக்களின் கைகளில் உள்ளது.